வறண்ட சருமமும் நீர் இழந்த சருமமும்: அறிகுறியைப் பார்த்து மூலப்பொருளைத் தேர்வு செய்யும் வழி

மாய்ஸ்சரைசர் தடவியும் முகம் காய்ந்தே கிடக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உடனே அடுத்த க்ரீமைத் தேடிப் போகிறார்கள். கோளாறு பல நேரங்களில் க்ரீமுக்கு முந்தைய படியில், முகம் கழுவும் பொருளிலும் கழுவும் முறையிலும் இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே எவ்வளவு விலையுயர்ந்த சீரத்தைப் பூசினாலும் ஒரு பக்கம் நிரப்பி மறு பக்கம் வெளியேற்றிக்கொண்டே இருப்போம். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதை நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, அதன்பின் எதைச் சேர்க்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தோலின் ஆக வெளியே இருக்கும் மெல்லிய படலம் இறந்த, தட்டையான செல்களால் ஆனது. அவற்றின் இடைவெளிகளைச் செராமைடுகள், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்த கொழுப்பு நிரப்பியிருக்கிறது. செங்கல் சுவரும் அதன் இடையிலுள்ள சாந்தும் என்று தோலியலாளர்கள் இதை விளக்குவது வழக்கம். அந்தச் செல்களுக்குள் அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா போன்ற நீர் பிடிக்கும் சிறு பொருள்கள் இருக்கின்றன. இடையிலுள்ள கொழுப்பு குறைந்தால் நீர் ஆவியாகி வெளியேறும். உள்ளிருக்கும் சிறு பொருள்கள் கழுவப்பட்டுப் போனால், இருக்கும் நீரைப் பிடித்துவைக்க ஆளில்லாமல் போகும். இந்தப் படலத்தின் நீர் அளவு ஏறத்தாழ 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அது நெகிழ்வை இழந்து, சொரசொரத்து, செதில் செதிலாகப் பிரியத் தொடங்குகிறது.

காய்ந்த தோலை மென்மையாக்குவது நீரே, எண்ணெய் அல்ல என்பதை இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் 1952இல் காட்டினார். காய்த்துப் போன தோல் துண்டை எண்ணெயில் போட்டுவைத்தாலும் அது விறைப்பாகவே இருந்தது. நீர் சேர்ந்ததும் வளைந்து கொடுத்தது. எண்ணெயின் வேலை அந்த நீரை வெளியேறவிடாமல் காப்பது. வறட்சிக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற கேள்விக்கான விடை முழுவதும் இந்த இரண்டு வேலைகளில் எது நம் தோலில் நடக்கவில்லை என்பதைப் பொறுத்தது.

எண்ணெய்ப் பசை இயல்பிலேயே குறைவாகச் சுரக்கும் தோலை வறண்ட சருமம் என்கிறோம். அது பெரும்பாலும் பிறவியிலிருந்தோ வயது ஏறும்போதோ வருவது, ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. நீர் இழந்த சருமம் என்பது ஒரு நிலை. எண்ணெய் வழியும் முகத்துக்கும் அது வரும், காரணம் நீங்கினால் சில வாரங்களில் போகும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. எது நமக்கு என்று அறிய, மிதமான க்ளென்சரால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுவைக்கவும். பிறகு சன்னலருகே பக்கவாட்டு வெளிச்சம் கன்னத்தில் விழும்படி நின்று, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே விரலால் கன்னத்தின் தோலை மெல்ல மேல்நோக்கித் தள்ளவும். மெல்லிய தாளைக் கசக்கியது போன்ற நுண்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தோன்றி, விட்டதும் மறைந்து, அதே நேரத்தில் மூக்கும் நெற்றியும் மினுங்கினால் நீர்க் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கும் மினுமினுப்பே இல்லாமல், துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்து, வெள்ளைப் பொடி போன்ற செதில்கள் தெரிந்தால் எண்ணெய்க் குறைவு. இது ஆய்வகச் சோதனை அல்ல, ஆனாலும் அடுத்த படிக்குப் போதுமான வழிகாட்டி.

கழுவிய சில நிமிடங்களிலேயே முகம் இழுத்துப் பிடிக்கிறது

முகம் கழுவியதும் தோல் இறுகி, வாயைத் திறந்தால் கன்னம் இழுபடுவது போலிருப்பதைச் "சுத்தமான உணர்வு" என்று பலர் விரும்புகிறார்கள். அது தோல் தனக்கு வேண்டியதை இழந்துவிட்டதற்கான அறிகுறி. அழுக்கைக் கரைக்கும் பொருள்களுக்கு அழுக்கின் எண்ணெய்க்கும் தோலின் கொழுப்புக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போகின்றன, கூடவே நீரில் கரையும் ஈரம் பிடிக்கும் பொருள்களும் போகின்றன.

முதலில் சோப்புக் கட்டியை முகத்திலிருந்து விலக்கவும். தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத் தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 4.7 முதல் 5.5 வரை இருக்கும். வழக்கமான சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. இந்தக் காரத் தன்மையில் மேற்படலம் ஊதிப் பெருக்கிறது, செராமைடுகளை உருவாக்கும் நொதிகளின் வேலை தடைபடுகிறது. ஃபேஸ்வாஷ் என்ற பெயரில் வருவது எல்லாம் மென்மையானது என்றும் எண்ண வேண்டாம். மூலப்பொருள் பட்டியலின் முன்வரிசையில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆய்வகங்களில் தோலில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கப் பயன்படுத்தும் வழக்கமான பொருள் அதுதான். சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிட மென்மையானது, ஆயினும் வறண்ட சருமத்துக்கு முதல் தேர்வு அல்ல. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோகாமிடோப்ரோப்பில் பீட்டெய்ன் ஆகியவற்றில் ஏதேனும் முக்கியக் கழுவுபொருளாக இருந்து, கிளிசரினும் பட்டியலின் மேற்பகுதியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவும். நுரை குறைவாக வரும். அதனால் சுத்தம் குறையாது.

பொருளை மாற்றுவதைப் போலவே முறையை மாற்றுவதும் முக்கியம். காலையில் வெறும் நீரால் கழுவினாலே பெரும்பாலான வறண்ட முகங்களுக்குப் போதும். இரவில் சன்ஸ்கிரீனையும் ஒப்பனையையும் நீக்க மட்டும் க்ளென்சர் தேவை. சூடான நீர் கொழுப்பை இன்னும் எளிதாகக் கரைத்துவிடும் என்பதால், கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் போக வேண்டாம். முகத்தில் நுரையை நிமிடக் கணக்கில் ஊறவிடுவதும் சுழலும் தூரிகையால் தேய்ப்பதும் தேவையற்றவை. கழுவி ஒற்றிய பின், தோல் ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மாய்ஸ்சரைசரைத் தடவிவிடவும்.

இவற்றை மட்டும் செய்து, வேறு எதையும் மாற்றாமல் இரண்டு வாரங்கள் பொறுத்துப் பார்க்கவும். மேற்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும். இறுக்கம் போய்விட்டால் புதிய சீரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

நெற்றியில் எண்ணெய் வழிகிறது, கன்னமோ இறுக்கமாக இருக்கிறது

இந்த அறிகுறி உள்ளவர்கள்தான் அதிகம் தவறாக வழிநடத்தப்படுகிறார்கள். எண்ணெயைப் பார்த்துவிட்டு ஆல்கஹால் கலந்த டோனரால் துடைக்கிறார்கள், ஒரு நாளைக்கு நான்கு முறை கழுவுகிறார்கள், மாய்ஸ்சரைசரே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். தோல் காய்ந்தால் அதை ஈடுகட்ட எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பை முதன்மையாக நிர்ணயிப்பவை ஹார்மோன்கள். கழுவக் கழுவ நீர்ப் பிடிமானம் குறைகிறது, எண்ணெய் தன் போக்கில் சுரந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து முகத்தை ஒரே நேரத்தில் மினுங்கவும் இறுகவும் வைக்கின்றன.

இங்கே தேவை நீர் பிடிக்கும் பொருள்கள், அவற்றின் மேல் மிக மெல்லிய ஒரு காப்பு. கிளிசரின் உள்ள ஜெல் க்ரீம் பொருத்தமானது. அதோடு 2 முதல் 5 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) சேர்ந்திருந்தால் நல்லது. அது தோல் தன் செராமைடுகளைத் தானே கூடுதலாக உருவாக்க உதவுகிறது, சிலருக்கு எண்ணெய்ப் பசையையும் சற்றுக் குறைக்கிறது. 10 சதவீத நியாசினமைடு இரண்டு மடங்கு நன்மை தரும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். அந்த அளவில் முகம் சிவந்து சூடாகிறது என்பவர்கள் பலர். காப்புக்கு டைமெத்திகோன் என்ற சிலிகோனோ ஸ்குவாலேன் என்ற இலேசான எண்ணெயோ போதும், ஷியா போன்ற கனமான பட்டர்கள் தேவையில்லை.

பட்டியலில் "ஆல்கஹால்" என்ற சொல்லைக் கண்டதும் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம். டீநேச்சர்டு ஆல்கஹால் முன்வரிசையில் இருந்தால் தவிர்க்கவும். அது விரைவில் ஆவியாகும், கொழுப்பைக் கரைக்கும். செட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் ஆகியவை மெழுகு போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள். அவை க்ரீமுக்குக் கெட்டித்தன்மையைத் தருவதோடு தோலையும் மென்மையாக்குகின்றன.

ஹையலூரோனிக் அமில சீரம் பூசியதும் முன்பைவிட இழுக்கிறது

தன் எடையைப் போல் ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்ற விளம்பர வரியால் இந்த மூலப்பொருள் தகுதிக்கு மீறிய புகழைப் பெற்றுவிட்டது. சீரத்தில் அது பெரும்பாலும் 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். மீதி ஏறத்தாழ முழுவதும் நீர். அதன் பெரிய மூலக்கூறுகள் தோலின் மேற்பரப்பிலேயே ஒரு மெல்லிய படலமாகத் தங்குகின்றன. அந்த நீர் ஆவியானதும் படலம் காய்ந்து சுருங்குகிறது. குளிரூட்டப்பட்ட அறையிலோ காற்றில் ஈரம் குறைந்த பருவத்திலோ இது விரைவாக நடக்கிறது. நாம் உணரும் இழுப்பு அதுதான்.

சீரத்தை எறிந்துவிட வேண்டியதில்லை. முகம் ஈரமாக இருக்கும்போது மெல்லியதாகப் பூசி, அது முழுவதும் காய்வதற்கு முன்பே மேலே ஒரு க்ரீமைத் தடவினால் பெரும்பாலும் இழுப்பு நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால் அதை விட்டுவிட்டுக் கிளிசரினுக்கு வரவும். என் கணிப்பில், நீர் பிடிக்கும் பொருள்களில் கிளிசரினுக்கு நிகரான நம்பகமான ஒன்றில்லை: மூலக்கூறு சிறியது, மேற்படலத்துக்குள் இறங்கி அங்கேயே சேமிப்பாகத் தங்குகிறது, எரிச்சல் தருவது அரிது, மலிவானது. அதைத் தலைப்பில் பெரிதாகப் போட்டு விற்க முடியாது என்பதால் மட்டுமே அது பின்வரிசையில் பேசப்படுகிறது. கிளிசரினைப் புட்டியிலிருந்து அப்படியே முகத்தில் தடவுவது மட்டும் வேண்டாம். செறிவு மிகுந்த நிலையில் அது பிசுபிசுப்பதோடு தோலிலிருந்தே நீரை இழுக்கவும் கூடும். ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் வரை கலந்த க்ரீமே போதுமானது.

பொடி போன்ற செதில், சொரசொரப்பு, எப்போதும் மங்கிய தோற்றம்

இது எண்ணெய்க் குறைவு. இதற்கு ஜெல்களும் சீரங்களும் பயன்படா; கெட்டியான க்ரீம் வேண்டும். நீர் பிடிப்பது, செல்களின் இடைவெளியை நிரப்பி மென்மையாக்குவது, மேலே மூடிக் காப்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே க்ரீம் செய்ய வேண்டும்.

செராமைடு க்ரீம்களைத் தேர்ந்தெடுக்கும்போது செராமைடு என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது, கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் உடன் இருக்கின்றனவா என்று பார்க்கவும். தோலின் இயற்கையான கலவையில் மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பட்டியலை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குழாயின் பின்புறத்தில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: நீர், கிளிசரின், கேப்ரிலிக் கேப்ரிக் ட்ரைகிளிசரைடு, செட்டியரில் ஆல்கஹால், பெட்ரோலேட்டம், டைமெத்திகோன், நியாசினமைடு, ஃபீனாக்ஸிஎத்தனால், கொலஸ்ட்ரால், செராமைடு என்பி, சோடியம் ஹையலூரோனேட், சாந்தன் கம். மூலப்பொருள்கள் அளவின் இறங்கு வரிசையில் எழுதப்படுகின்றன. 1 சதவீதத்துக்குக் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். பதப்படுத்தியான ஃபீனாக்ஸிஎத்தனால் வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை. எனவே அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் 1 சதவீதத்துக்கும் குறைவானவை என்று கொள்ளலாம். மேலட்டையில் பெரிய எழுத்தில் செராமைடும் ஹையலூரோனிக் அமிலமும் (பட்டியலில் சோடியம் ஹையலூரோனேட்) இருந்தாலும், உண்மையில் இந்தக் க்ரீமின் பெரும் வேலையைச் செய்வது முதல் ஆறு பொருள்கள். இதில் ஏமாற்று ஏதுமில்லை, செராமைடுகள் சிறிய அளவிலேயே சேர்க்கப்படுவது வழக்கம். ஆயினும் பணம் கொடுப்பது எதற்கு என்று தெரிந்து கொடுப்பது நல்லது. இதே முதல் ஆறும் உள்ள, செராமைடு இல்லாத எளிய க்ரீம் ஏற்கெனவே உங்களுக்கு ஒத்துப்போகிறது என்றால் மாற்றத் தேவையில்லை.

செதில் தடிப்பாக இருந்தால் 5 சதவீத யூரியா உள்ள க்ரீம் நல்ல பலன் தரும். யூரியா தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள்; குறைந்த அளவில் நீரைப் பிடிக்கிறது, 10 சதவீதமும் அதற்கு மேலும் போகும்போது தடித்த செல்களைத் தளர்த்தி உதிர்க்கவும் செய்கிறது. லாக்டிக் அமிலமும் இவ்விரண்டு வேலைகளையும் செய்யும். வெடிப்போ சிராய்ப்போ உள்ள இடத்தில் இரண்டுமே எரியும். அது ஒவ்வாமை அல்ல, ஆனாலும் அந்த இடம் ஆறும்வரை தவிர்க்கவும்.

மூடிக் காப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு (பட்டியலில் பெட்ரோலேட்டம்) இணையானது எதுவும் இல்லை. தோலிலிருந்து ஆவியாகும் நீரை அது 98 சதவீதம் வரை தடுக்கும் என்று தோலியல் நூல்கள் கூறுகின்றன. மற்ற எண்ணெய்கள், மெழுகுகள் பலவற்றின் தடுப்பு 20 முதல் 30 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஒப்பனைத் தரத்தில் சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலேட்டத்தைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை. இரவில் க்ரீமுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே சூடாக்கி, அழுத்திப் பதித்தால் போதும். காய்ந்த முகத்தில் அதை மட்டும் பூசினால், காக்க வேண்டிய நீரே அங்கே குறைவாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தாவர எண்ணெய்களிலும் வேறுபாடு உண்டு. லினோலீயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் தோலின் காப்புத் தன்மையைக் கெடுப்பதில்லை. ஒலீயிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் அந்தக் கொழுப்பு அடுக்கைக் குலைக்கிறது என்று பெரியவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2013இல் காட்டியது. இயற்கையானது என்பதற்காக அதை வறண்ட முகத்திலும் குழந்தையின் தோலிலும் தேய்ப்பது ஏற்புடையதல்ல.

இந்த அறிகுறியில் ஒரு விலக்கு உண்டு. செதில் மூக்கின் இரு ஓரங்களிலும் புருவங்களுக்குள்ளும் தலையின் தோலிலும் மட்டும், சிவந்த தோலின் மேல் எண்ணெய்ப் பசையோடு மஞ்சளாகப் படிந்திருந்தால் அது வறட்சியாக இருக்க வாய்ப்பில்லை. செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். அதற்குப் பின்னால் மலாசீசியா என்ற பூஞ்சையின் பங்கு இருக்கிறது. அது கொழுப்பு அமிலங்களை உண்டு வளர்வதால் எண்ணெய் தேய்க்கத் தேய்க்கச் செதில் கூடவும் கூடும். இதற்குப் பூஞ்சை எதிர்ப்பு மருந்து தேவை, மாய்ஸ்சரைசர் துணை மட்டுமே.

எதைத் தடவினாலும் எரிகிறது, சில நேரம் வெறும் நீரே எரிகிறது

இந்த நிலையில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காப்பு அடுக்கு சேதமடைந்திருப்பதால், இயல்பான தோலில் ஒன்றும் செய்யாத பொருள்கள்கூட நரம்பு முனைகளைச் சென்றடைகின்றன. இறந்த செல்களை உதிர்க்கும் அமில எக்ஸ்ஃபோலியன்ட், ஸ்க்ரப், ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), வைட்டமின் சி, பென்சாயில் பெராக்சைடு, நறுமணமூட்டியவை, எசென்ஷியல் ஆயில் கலந்தவை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவும். மருத்துவர் எழுதித் தந்த மருந்து அவற்றில் இருந்தால் மட்டும் அவரைக் கேட்டபின் நிறுத்தவும்.

இரவில் மென்மையான க்ளென்சர், இரு வேளையும் நறுமணமற்ற எளிய க்ரீம், பகலில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் போதும். க்ரீமில் கிளிசரின், பெட்ரோலேட்டம் அல்லது டைமெத்திகோன், பேந்தினால் அல்லது அலன்டாயின் போன்றவை இருக்கலாம். யூரியா, லாக்டிக் அமிலம், புரோப்பிலீன் கிளைகால் ஆகியவை இந்த நிலையில் எரிச்சல் தரக்கூடும். கூழ்ம நிலை ஓட்ஸ் மாவு உள்ள க்ரீம்கள் அரிப்பைத் தணிக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2003இல் அதைத் தோலைப் பாதுகாக்கும் பொருளாக ஏற்றது. சன்ஸ்கிரீனும் எரிந்தால் துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டையாக்சைடோ மட்டும் உள்ளதற்கு மாறவும்.

தடவும் அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை குழாயிலிருந்து ஒரே கோடாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இப்படி இரண்டரைக் கோடுகள் தேவை. தேய்க்காமல், புள்ளி புள்ளியாக வைத்து ஒரே திசையில் பரப்பவும்.

இப்படி இரண்டு முதல் நான்கு வாரங்கள் இருந்து, எரிச்சல் முற்றிலும் நின்றபின், நிறுத்தியவற்றில் உண்மையிலேயே தேவையான ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டுவரவும். அதை முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறு இடத்தில் நாளுக்கு இருமுறை ஒரு வாரம் தடவிப் பார்க்கவும். தடவிய நொடியில் எரிந்து அடங்குவது பெரும்பாலும் எரிச்சல். ஓரிரு நாள் கழித்து அந்த இடம் சிவந்து, அரித்து, சிறு கொப்புளங்கள் வருவது ஒவ்வாமை. ஒவ்வாமையானால் அளவைக் குறைத்தும் பயன்படுத்தக் கூடாது. நறுமணப் பொருள்களும் ஆட்டு உரோமத்திலிருந்து கிடைக்கும் லனோலினும் சில பதப்படுத்திகளும் இதில் அடிக்கடி சிக்குபவை. மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பதப்படுத்தி மிகப் பலருக்கு ஒவ்வாமை உண்டாக்கியதால் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம், தடவிக் கழுவாமல் விடும் ஒப்பனைப் பொருள்களில் அதைத் தடை செய்தது.

ரெட்டினால் தொடங்கியபின் தோல் உரிகிறது

தொடக்க வாரங்களில் இது எதிர்பார்க்கக்கூடியதே. வாரத்துக்கு இரண்டு இரவுகளாகக் குறைத்து, முதலில் க்ரீம், அதன்மேல் பட்டாணி அளவு ரெட்டினால், மீண்டும் க்ரீம் என்று பூசவும். உதட்டோரம், மூக்கோரம், கண்ணின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் முன்கூட்டியே சிறிது பெட்ரோலியம் ஜெல்லியை வைத்தால் அங்கே படியாது. உரியும் தோலை ஸ்க்ரப்பால் தேய்த்து எடுக்க வேண்டாம். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் உள்ளிட்ட ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

க்ரீம் திரி திரியாகத் திரண்டு உதிர்கிறது, அல்லது பருக்கள் வருகின்றன

திரள்வது வறட்சியின் அறிகுறி அல்ல. அடுக்கடுக்காகப் பூசும் பொருள்களில் உள்ள சிலிகோன்களும் கெட்டியாக்கும் பசைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உருண்டு வருகின்றன. அடுக்குகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள் இடைவெளி விட்டாலே நிற்கும். பருக்கள் வந்தால் க்ரீமின் கனத்தைக் குறைத்துப் பார்க்கவும். "துளைகளை அடைக்காது" என்ற வாசகத்துக்கு நிலையான சட்ட வரையறை இல்லாததால் அதை நம்பி வாங்குவதில் பயனில்லை. வாயைச் சுற்றி ஒரே அளவான சிறு சிவப்புப் பொரிகள் மட்டும் தோன்றினால், குறிப்பாக முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் பயன்படுத்தியிருந்தால், மருத்துவரிடம் காட்டவும்.

கை, குதிகால், உதடு

உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. அங்கே தோலும் தடிமன். குதிகாலுக்கு 20 முதல் 25 சதவீத யூரியாவை இரவில் தடவி, பருத்திக் காலுறை அணியலாம்; ஆழமான வெடிப்பு இருந்தால் அது மூடும்வரை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும். அடிக்கடி கை கழுவும் வேலையில் இருப்பவர்கள், ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் க்ரீம் தடவுவதை வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். உதட்டுக்கு மென்தால், கற்பூரம், இலவங்கப்பட்டை வாசனை உள்ள பாம்களை விலக்கவும். அவை குளிர்ச்சியோ கிளர்ச்சியோ தந்து திரும்பத் திரும்பத் தடவவும் நக்கவும் தூண்டுகின்றன, காய்ந்த உதடு இன்னும் காய்கிறது.

எல்லாம் செய்தும் நான்கு வாரங்களில் மாற்றமில்லை

அறையின் காற்றையும் ஒருமுறை கவனிக்கவும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் அறையில் எந்த க்ரீமும் திணறும். ஈரமூட்டும் கருவி வைப்பதோ, குளிர்காற்று நேரே முகத்தில் படாமல் இருக்கையை மாற்றுவதோ உதவும். உடலில் நீர்ச்சத்து ஏற்கெனவே போதுமாக இருப்பவருக்குக் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதால் மட்டும் முகத்தின் வறட்சி நீங்கிவிடாது.

இதற்கும் அசையாத வறட்சியை மேற்பூச்சால் மட்டும் தீர்க்க முயல்வதைக் கைவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி. தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை தோலில் வறட்சியாக வெளிப்படலாம். சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளும் பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயினும் வறட்சியை உண்டாக்கும். குழந்தைப் பருவத்திலிருந்தே முழங்கை, முழங்கால் மடிப்புகளில் அரிப்போடு வந்து போகும் வறட்சி எக்ஸிமாவாக இருக்கலாம். ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு மாற்றங்களுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் கண்டறியப்பட்டது. மேற்படலத்தின் ஈரம் பிடிக்கும் அமினோ அமிலங்கள் பெரும்பகுதி அந்தப் புரதம் சிதைந்துதான் உருவாகின்றன. வெடிப்பில் நீர் கசிந்தாலோ, தேன் நிறப் பொருக்கு கட்டினாலோ, வலியோடு வீங்கினாலோ, இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தாலோ நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டாம். போகும்போது பயன்படுத்தும் எல்லாப் பொருள்களின் மூலப்பொருள் பட்டியலையும் படம் எடுத்துச் செல்லவும். க்ளென்சரையும் ஷாம்பூவையும் அதில் விட்டுவிடக் கூடாது.